டர்போ இல்லாமல் சக்தி கூடுவது எப்படி: ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களின் கணக்கு

மஸ்டா நிறுவனம் 2018-இல் தன் எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் 2 லிட்டர் எஞ்சினைத் திருத்தியமைத்தது. அமெரிக்கச் சந்தையில் அதுவரை 155 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த அந்த எஞ்சின், திருத்தத்துக்குப் பிறகு 181 குதிரைத்திறன் தரத் தொடங்கியது. டர்போ சேர்க்கப்படவில்லை. கொள்ளளவு 1,998 சி.சி.யிலிருந்து மாறவில்லை. சிலிண்டருக்குள் வந்த காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரெஷன் விகிதமும் 13-க்கு 1 என அப்படியே இருந்தது. பிறகு இந்த 17 சதவீத உயர்வு எங்கிருந்து வந்தது? விடை, சக்தி அளவுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்படும், ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இன்னோர் எண்ணில் இருக்கிறது. பழைய எஞ்சின் தன் உச்ச சக்தியை நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எட்டியது; புதியது 7,000 சுற்றில் எட்டுகிறது. அந்தந்தச் சுற்றில், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் முறுக்குவிசையைக் கணக்கிட்டால் இரண்டிலும் ஒரே அளவுதான் வருகிறது: சுமார் 184 நியூட்டன் மீட்டர். அதாவது, பழைய எஞ்சின் 6,000 சுற்றில் எவ்வளவு பலமாகக் கிராங்கைத் திருப்பியதோ, அதே பலத்தைப் புதியது 7,000 சுற்றிலும் விடாமல் வைத்திருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த 26 குதிரைத்திறனும் இதற்குள் அடங்கிவிட்டது.

டர்போ, சூப்பர்சார்ஜர் போன்ற காற்றமுக்கிகள் இல்லாத, நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் எனப்படும் எஞ்சின்களில் சக்தியைக் கூட்டும் வேலை முழுவதும் ஏறக்குறைய இந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும்: இருக்கும் முறுக்குவிசையை இன்னும் மேலான சுற்றுவரை கைவிடாமல் கொண்டுசெல்ல வேண்டும். ஏர் ஃபில்டர், எக்சாஸ்ட் (புகைக்குழாய் அமைப்பு), கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங் எனக் கடைகளில் தனித்தனியாக விற்கப்படும் எல்லாவற்றையும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால்தான் எது பயன் தரும், எது தராது என்பது புரியும்.

முதலில் எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இத்தகைய எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் மட்டுமே. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று அந்த இடைவெளியை நிரப்ப உள்ளே பாய்கிறது. 2 லிட்டர் எஞ்சின் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் நிரப்பிக்கொள்கிறது. எனவே 7,000 சுற்றில், எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 7,000 லிட்டர் காற்றை அது இழுக்கும். கடல் மட்டத்தில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் எடை சுமார் 8.3 கிலோ. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை என்பதால், அந்தக் காற்றைக் கொண்டு நிமிடத்துக்குச் சுமார் 560 கிராம் பெட்ரோலை மட்டுமே எரிக்க முடியும். அதில் வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிராங்க் ஷாஃப்டை அடைகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. இந்தக் கணக்கின் முடிவில் நிற்பது 175 முதல் 180 குதிரைத்திறன். மஸ்டா அறிவித்த 181 என்ற எண், இயற்பியல் அனுமதிக்கும் அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்.

பெட்ரோலை அதிகமாகத் தெளிப்பது எளிது. காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் இதை ஆண்டுதோறும் காட்டுகிறது. அதன் முடிவுக்கோடு சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். எவ்வளவு திறமையாகக் கட்டப்பட்டாலும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த உச்சியில் தன் சக்தியில் பெரும் பங்கை இழந்தே நிற்கும்.

இந்த எல்லையின் விளைவாக ஒரு வியப்பான ஒற்றுமை உண்டாகிறது. எஞ்சினின் உச்ச முறுக்குவிசையை அதன் லிட்டர் அளவால் வகுத்துப் பார்த்தால், விலையிலும் நோக்கத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மஸ்டா எம்எக்ஸ்-5 லிட்டருக்கு 103 நியூட்டன் மீட்டர் தருகிறது. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000, 104. 2021-இன் போர்ஷே 911 ஜிடி3, 118. ஃபெராரி 458 இத்தாலியா, 120. கார்டன் மரேயின் டி.50 காருக்காகக் காஸ்வொர்த் நிறுவனம் கட்டிய, 12,000 சுற்றைத் தாண்டிச் சுழலும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கூட 117-இல்தான் நிற்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2013 வரை ஓடிய 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள் 18,000 சுற்று என்ற வரம்புக்குள் சுமார் 750 குதிரைத்திறன் தந்தன. அதைப் பிரித்துப் பார்த்தாலும் லிட்டருக்கு 125 நியூட்டன் மீட்டருக்குள்தான் வருகிறது. டர்போ வைத்த மெர்சிடீஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் 2 லிட்டரில் 500 நியூட்டன் மீட்டர் தருவதை இதோடு ஒப்பிட்டால், காற்றை அமுக்கி ஏற்றுவது எவ்வளவு பெரிய சலுகை என்பது விளங்கும்.

ஆகவே, சாதாரணமான நல்ல எஞ்சினுக்கும் உலகின் தலைசிறந்த எஞ்சினுக்கும் முறுக்குவிசையில் உள்ள வேறுபாடு சுமார் இருபது சதவீதத்தில் அடங்கிவிடுகிறது. சக்தியிலோ அந்த வேறுபாடு மும்மடங்குக்கும் மேல் விரிகிறது. சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. முறுக்குவிசைக்குக் கூரை போடப்பட்டுவிட்ட நிலையில் வளர இடமுள்ளது சுழற்சி வேகத்துக்கு மட்டுமே.

அப்படியானால் எந்த எஞ்சினையும் அதிகச் சுற்றுக்கு விரட்டினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. சுற்று ஏற ஏற முறுக்குவிசை சரிந்துகொண்டே போவதுதான் எஞ்சினின் இயல்பு. 7,000 சுற்றில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு கிராங்கின் 240 டிகிரி அளவுக்குத் திறந்திருந்தாலும், அது நேரக் கணக்கில் 6 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் அரை லிட்டர் காற்று, ஏர் ஃபில்டர், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில், அதைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டு, வால்வுக்குக் கொண்டுசேர்க்கும் வழியான போர்ட், வால்வு இடுக்கு ஆகிய அனைத்தையும் கடந்து சிலிண்டருக்குள் போய்ச்சேர வேண்டும். வேகம் இரட்டிப்பானால் வழியில் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இந்த வழியில் எந்த இடம் மிகவும் குறுகலாக இருக்கிறதோ அந்த இடமே எஞ்சினின் மூச்சுத்திணறலைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் அந்த இடம் வால்வும் அதை ஒட்டிய போர்ட்டும்தான்.

வால்வு அதன் விட்டத்தில் கால் பங்கு உயரத்துக்கு எழும்பும்போது, அதைச் சுற்றியுள்ள இடுக்கின் பரப்பு வால்வின் முழு வாய்ப்பரப்புக்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு மேல் உயர்த்துவதால் கிடைக்கும் பயன் விரைவாகக் குறைகிறது. ஆனால் கேம் ஷாஃப்ட் வால்வை அந்த உயரத்தில் ஒரு கணம்தான் வைத்திருக்கிறது. மீதி நேரமெல்லாம் வால்வு பாதி திறந்த நிலையிலேயே இருக்கிறது. அதனால், வால்வுகளும் போர்ட்டுகளும் அமைந்த எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் செய்யும் திறமையான வேலை என்பது போர்ட்டைக் குடைந்து பெரிதாக்குவதாக இருக்கக் கூடாது. வால்வு இருக்கையில் பல கோணங்களில் வெட்டு போடுவது, வால்வுக்கு முன்னால் போர்ட் வளையும் இடத்தைச் சீராக்குவது ஆகியவை குறைந்த உயரத்திலேயே காற்றோட்டத்தைக் கூட்டுகின்றன. போர்ட்டைக் கண்மூடித்தனமாக அகலப்படுத்தினால் காற்றின் வேகம் குறைந்து, கீழ்ச்சுற்றில் இருந்த முறுக்குவிசையும் போய்விடும். 1995-இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரின் ஹெட்டில் போர்ட்டுகளைத் தொழிலாளர்கள் கையாலேயே தேய்த்து மெருகேற்றினார்கள். விற்பனைக்கு வரும் காரில் இவ்வளவு உழைப்பைச் செலுத்த ஒரு நிறுவனம் முன்வந்ததே, குறுகல் எங்கே இருக்கிறது என்பதற்குப் போதுமான சான்று.

கேம் ஷாஃப்டின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. மேல்சுற்றில் காற்று உள்ளே பாயும் உந்தத்தைப் பயன்படுத்திக்கொள்ள, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதே கேம் 2,000 சுற்றில், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். பந்தய கேம் பொருத்திய கார் சிக்னலில் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கித் துடிப்பதற்கும் கீழ்ச்சுற்றில் இழுவையின்றித் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். ஹோண்டாவின் விடெக் அமைப்பு இந்த முரண்பாட்டை ஒரே எஞ்சினுக்குள் இரண்டு கேம் வடிவங்களை வைத்துத் தீர்த்தது. எஸ்2000 காரில் 6,000 சுற்றை நெருங்கும்போது, வால்வுகளை அழுத்தும் நெம்புகோல்களான ராக்கர்கள் உயரமான கேமுக்கு மாறுகின்றன. அங்கிருந்து 9,000 வரை எஞ்சின் இன்னோர் எஞ்சினாகவே ஓடுகிறது. அமெரிக்க வடிவத்தில் அதன் உச்ச சக்தி 8,300 சுற்றில் 240 குதிரைத்திறன். அந்த இடத்தில் இருக்கும் முறுக்குவிசை, 7,500 சுற்றில் இருக்கும் உச்ச முறுக்குவிசையான 207 நியூட்டன் மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர்தான் குறைகிறது. அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததே இல்லை.

இந்தக் காரணத்தால்தான் எஸ்2000 உரிமையாளர்கள் ஃபில்டர், எக்சாஸ்ட், ட்யூனிங் எல்லாம் செய்த பின்னும் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லையே என்று ஏமாற்றமடைகிறார்கள். கையில் இருப்பது ஏற்கெனவே திருத்தி முடிக்கப்பட்ட எஞ்சின். அதில் விட்டுவைக்கப்பட்டது மிகக் குறைவு. மாறாக, செலவு, ஓசை, புகைக் கட்டுப்பாடு போன்ற காரணங்களுக்காகச் சமரசம் செய்துகொண்ட எஞ்சினில் அதே பாகங்கள் கண்கூடான பலன் தரும். ஒரு பாகம் எவ்வளவு சக்தி கூட்டும் என்ற கேள்விக்கு, எந்த எஞ்சினில் என்று கேட்காமல் விடை சொல்பவரை நம்பக் கூடாது.

சுற்றை உயர்த்துவதற்கான விலையை எஞ்சினின் கீழ்ப்பாதி கொடுக்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் முழுமையாக நின்று திரும்புகிறது. அப்போது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்கும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடியாக வளர்கிறது. 8,000 சுற்றிலிருந்து 9,000-க்குப் போவது பன்னிரண்டரை சதவீத உயர்வாகத் தோன்றலாம். ராட் தாங்க வேண்டிய விசையோ 27 சதவீதம் கூடுகிறது. மஸ்டா தன் எஞ்சினின் வரம்பை 6,800-லிருந்து 7,500 சுற்றுக்கு உயர்த்தியபோது ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராமும் ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராமும் குறைத்ததன் பொருள் இதுதான். மேலே எக்சாஸ்ட் வால்வைப் பெரிதாக்கி, த்ராட்டிலை அகலப்படுத்தி, கேமையும் போர்ட்டையும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டையும் மாற்றியவர்கள், கீழே எடையைக் குறைக்காமல் விட்டிருந்தால் அந்த உழைப்பு வீணாகியிருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தியே அத்தனையும் மாறின.

பிஸ்டனின் சராசரி வேகம் என்ற அளவு இந்த எல்லையைச் சுருக்கமாகக் காட்டும். எஸ்2000 எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், 84 மில்லிமீட்டர். 9,000 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 25.2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஃபார்முலா ஒன் வி8 எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) விதிப்படி 98 மில்லிமீட்டர், 2.4 லிட்டருக்கு அதன் ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வருகிறது. 18,000 சுற்றில் அதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 24 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. இரண்டு எஞ்சின்களின் சுழற்சி வேகத்தில் இருமடங்கு வேறுபாடு. பிஸ்டன் வேகத்திலோ ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அதிகச் சுற்று வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்கைக் குறைத்து, போரை அகலப்படுத்தி, சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். ஏற்கெனவே வார்த்த எஞ்சினை வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவர் எஞ்சினின் ஸ்ட்ரோக்கும் வரம்பும் அவருக்காக முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டன.

இனி எக்சாஸ்ட். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓசையில் தொடங்கி ஓசையில் முடிந்துவிடுவது வருத்தமானது. ஏனெனில், காற்றை அமுக்கி ஏற்றும் கருவி இல்லாத எஞ்சினில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய உதவி ஒன்று இங்கேதான் இருக்கிறது. எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் உயர் அழுத்த அலை ஒன்று குழாய் வழியே ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் அகன்ற இடத்தை அது அடைந்ததும், தாழ் அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் இடைவெளியில் அந்த அலை வந்துசேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிஸ்டன் கீழிறங்கத் தொடங்குவதற்கு முன்பே புதுக் காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கிவிடும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளுவது போன்றதுதான் இது. தவறான நேரத்தில் வரும் அலை உதவுவதற்குப் பதிலாகத் தடுக்கும்.

நேரக் கணக்கைச் சற்றே நெருங்கிப் பார்க்கலாம். 7,000 சுற்றில் கிராங்க் 120 டிகிரி திரும்ப 2.9 மில்லிசெகண்டு ஆகிறது. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 550 மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், அந்த நேரத்தில் அது போய்த் திரும்பக்கூடிய குழாயின் நீளம் 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல ஹெடர்களில் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதிகளில்) குழாய்கள் ஏன் வளைந்து நெளிந்து ஒரே நீளத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன என்பதற்கு இதுவே காரணம். அதே குழாயில் 3,500 சுற்றின்போது அலை கிராங்க் 60 டிகிரி திரும்புவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தேவைப்படும் நேரத்தில் அங்கே இருப்பது, திரும்பத் திரும்ப எதிரொலித்துத் தடம்மாறிய வேறோர் அலை. எந்த நீளத்தைத் தேர்ந்தாலும் ஒரு சுற்றில் லாபமும் இன்னொரு சுற்றில் நட்டமும் உண்டு.

இதற்குப் பாடநூல் போன்ற உதாரணம், 2012-இல் டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரட்டைப் பெயர்களில் வந்த காரின் 2 லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்) எஞ்சின். 7,000 சுற்றில் 200 பி.எஸ். (ஜெர்மனி, ஜப்பான் கார்களுக்குச் சொல்லப்படும் சக்தி அலகு) தந்த அந்த எஞ்சினின் முறுக்குவிசை வரைபடத்தில், 3,500-க்கும் 4,500-க்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு பள்ளம் இருந்தது. நகரத்தில் முந்திச்செல்ல ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நாம் இருப்பது சரியாக அந்தப் பள்ளத்தில்தான். ஹெடரை மாற்றி, அதற்கேற்ப இசியுவில் கேம் நேரத்தையும் தீப்பொறி நேரத்தையும் திருத்தியவர்கள் அந்தப் பள்ளத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிட்டார்கள். உச்ச சக்தியில் கிடைத்த உயர்வு சிறியது. ஆனால் 4,000 சுற்றில் கிடைத்த உயர்வு அந்தக் காரின் குணத்தையே மாற்றியது. உச்ச எண்ணை மட்டும் பார்த்து ஒரு திருத்தத்தை மதிப்பிடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஹெடர்களில் பல, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை நீக்கிவிடுபவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சாலையில் ஓடும் காரில் அதை நீக்குவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் மாற்று ஹெடருக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை தேவை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. சில குதிரைத்திறனுக்காக ஊரார் மூச்சில் நச்சைக் கலப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பந்தயத் தளத்துக்கான பாகம் பந்தயத் தளத்தோடு நிற்க வேண்டும்.

மிக அதிகமாக விற்கும் ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை கணக்கு சிறியது. முழு வேகத்தில் காரோடு வந்த ஃபில்டரும் அதன் பெட்டியும் சேர்ந்து 2 கிலோபாஸ்கல் அழுத்தத்தை விழுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அந்தத் தடையை அறவே நீக்கினாலும் கிடைக்கக்கூடியது சுமார் 2 சதவீதம். அதற்காகத் திறந்த ஃபில்டர் ஒன்றை எஞ்சின் அறைக்குள் பொருத்தி, வெளிக்காற்றைவிட 20 டிகிரி அதிகச் சூடான காற்றை இழுக்கவிட்டால், அடர்த்தியில் இழப்பு 6 சதவீதத்தைத் தாண்டும். உறுமல் கூடும், சக்தி குறையும். குளிர்ந்த காற்று முன்பக்கத்திலிருந்து வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதைச் சரியாகச் செய்து காட்டியது 2003-இன் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல். பெரிய கார்பன் ஃபைபர் காற்றுப்பெட்டியோடு, கேம், எக்சாஸ்ட் மாற்றங்களும் சேர்ந்து 343 பி.எஸ். இருந்த எஞ்சினை 360-க்குக் கொண்டுபோயின. உலகின் திறமையான எஞ்சின் பிரிவுகளில் ஒன்று இத்தனையும் செய்து ஈட்டியது 5 சதவீதம்.

கம்ப்ரெஷன் விகிதத்தை 11-லிருந்து 12-க்கு உயர்த்துவது சுமார் 2 சதவீதம் தரும். எல்லாச் சுற்றிலும் தரும் என்பது அதன் சிறப்பு. எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரியும் நாக்கிங் வந்து, இசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் அந்த லாபம் முழுவதும் கரைந்துவிடும் என்பது அதன் ஆபத்து. எத்தனால் மிகுந்த எரிபொருள் இங்கே உண்மையான துணை. ஒரே அளவு காற்றுக்கு அதை அதிகமாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது, அது ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிக வெப்பத்தை உறிஞ்சி உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது, நாக்கிங்கையும் தடுக்கிறது. எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் அந்த அளவைத் தாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாகம் எதையும் மாற்றாமல் இசியுவை மட்டும் திருத்துவதால் கிடைப்பது, தயாரிப்பாளர் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளி மட்டுமே. டர்போ எஞ்சினில் அந்த இடைவெளி பெரிது, இங்கே சிறிது. எடை குறைந்த ஃப்ளைவீல் சுற்று ஏறும் வேகத்தைக் கூட்டும், சக்தியைக் கூட்டாது.

கூடியதை அளப்பதும் எளிதல்ல. ஜெர்மனி, ஜப்பான் கார்களுக்குச் சொல்லப்படும் பி.எஸ். என்ற அலகு அமெரிக்கக் குதிரைத்திறனைவிட ஒன்றரை சதவீதம் சிறியது; அதை மறந்து ஒப்பிட்டாலே 200-க்கு 3 குதிரைத்திறன் மாயமாக வந்துவிடும். சக்தியைச் சக்கரத்தில் அளக்கும் கருவிகளான டைனோக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே டைனோவில்கூட, காலையில் குளிர்ந்த எஞ்சினோடு எடுத்த அளவையும் மதியம் சூடேறிய எஞ்சினோடு எடுத்த அளவையும் ஒப்பிட்டால் பாகத்தின் பயன் எது, வெயிலின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. எஸ்ஏஇ ஜே1349 என்ற தரம் எல்லா அளவையும் 25 டிகிரி வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கும் திருத்திச் சொல்வது இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே. திருத்தம் செய்யப்பட்ட வரைபடம், ஒரே டைனோ, ஒரே கியர், இரு பக்கமும் மூன்று நான்கு ஓட்டங்கள் ஆகியவை இல்லாமல் சொல்லப்படும் எந்த உயர்வையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருக்கும் வழி, கொள்ளளவைக் கூட்டுவது. தயாரிப்பாளர்களே கடைசியில் அங்கேதான் வந்துசேர்ந்தார்கள். டொயோட்டாவும் சுபாருவும் 2021-இல் அந்த பாக்ஸர் எஞ்சினின் போரை 86-லிருந்து 94 மில்லிமீட்டராக்கி 2.4 லிட்டருக்குக் கொண்டுபோயின. ஜப்பான் அளவில் சக்தி 200-லிருந்து 235 பி.எஸ். ஆனது, உச்சம் அதே 7,000 சுற்றில். கொள்ளளவு 19 சதவீதம் கூடியது, சக்தி 17.5 சதவீதம்தான் கூடியது. ஆனால் 250 நியூட்டன் மீட்டர் உச்ச முறுக்குவிசை 3,700 சுற்றிலேயே, பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில் வந்துவிடுகிறது. ஹோண்டா இதற்கு முன்பே 2004-இல் அமெரிக்காவுக்கான எஸ்2000 எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டி 2.2 லிட்டராக்கியிருந்தது. ஸ்ட்ரோக் நீண்டதால் வரம்பு 8,000 சுற்றுக்கு இறங்கியது. முறுக்குவிசை 220 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. உச்ச சக்தி அதே 240 குதிரைத்திறனிலேயே நின்றது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டதாகத் தோன்றினாலும், அன்றாடம் ஓட்டுபவருக்கு இரண்டாவது எஞ்சின் மேலானது என்பது என் கருத்து. 9,000 சுற்றின் கூச்சலுக்காக முதலாவதை விரும்புபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

கொள்ளளவு, சுற்று, நிரப்புதல் ஆகிய மூன்றையும் ஒருசேர உயர்த்திக் காட்டியது போர்ஷே. 1999-இன் முதல் 911 ஜிடி3, 3.6 லிட்டரில், 7,200 சுற்றில் 360 பி.எஸ். தந்தது. 2021-இன் ஜிடி3, 4 லிட்டரில், 8,400 சுற்றில் 510 பி.எஸ். தந்தது. 42 சதவீத உயர்வைப் பிரித்துப் பார்த்தால், கொள்ளளவின் பங்கு 11 சதவீதம், சுற்றின் பங்கு 17 சதவீதம். அந்த மேல்சுற்றில் ஒவ்வொரு லிட்டரையும் மேலும் நன்றாக நிரப்பியதன் பங்கு 9 சதவீதம். மூன்றும் ஒன்றையொன்று பெருக்கி 42 ஆகின்றன. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பில், ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் வைத்து, வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரைக் கைவிட்டு, வரம்பை 9,000-க்கு உயர்த்தி ஈட்டியது இது. பிஸ்டன் வேகம் அங்கேயும் நொடிக்கு 24.5 மீட்டருக்குள் நிற்கிறது.

2024-இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில், புகைக் கட்டுப்பாட்டுக்காக இரண்டு துகள் வடிகட்டிகளும் நான்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்களும் புகைவழியில் இருந்தன. முறுக்குவிசை 470-லிருந்து 450 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. ஜிடி3 ஆர்எஸ் காரின் கேம் ஷாஃப்டைக் கொண்டுவந்து, மேல்சுற்றில் 510 பி.எஸ்.ஸைப் போர்ஷே காப்பாற்றிக்கொண்டது. கீழே இழந்த இழுவையை ஈடுகட்ட, சக்கரங்களுக்கு முந்தைய கடைசிப் பல்சக்கர இணைப்பான ஃபைனல் டிரைவின் விகிதத்தை 8 சதவீதம் குட்டையாக்கியது.